இடது காதில் விழாத வெளிச்சம்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே,

போகிற இடமெல்லாம் நீங்கள் என்னிடம் கேட்பது ஒரே படத்தைப் பற்றித்தான். காரைக்குடியில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவின் வாசல் கண்ணாடிக்குள் இருக்கிறதே, வெள்ளைச் சேலை கட்டிய ஆச்சியின் படம். வலது கன்னத்தில் வெளிச்சம் மெழுகிவிட்டது போல் இருக்கும். இடது பக்கம் முழுக்க இருட்டு. "அந்த ஆச்சி லைட்டு எப்புடிப் போட்டீக, எங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்று கேட்கிறீர்கள். போன மாதம் கூட்டம் வைத்து என்னை மேடைக்கே கூப்பிட்டுவிட்டீர்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் எனக்கு வேர்த்து ஊற்றியது. "எல்லாரும் நல்லா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். நீங்கள் கைதட்டினீர்கள். அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். அது அடக்கம் இல்லை. நாலு பேர் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். அந்த வராத வாயால் ஒரு மனுஷி கெட்டாள். அதையும் சேர்த்தால்தான் அந்தப் படத்தின் கதை முழுதாகும். ஐந்தாவது வரை படித்தவளின் எழுத்து. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்டூடியோவுக்குள் போனது படம் எடுக்க இல்லை. முந்தானை சரிசெய்ய. வீட்டுக்காரர் தவறிய பிறகு வேலை தேடிக்கொண்டிருந்தேன். படம் எடுக்க வரும் பெண்களுக்குச் சேலை மடிப்பு எடுத்துவிடவும், நெற்றி வேர்வையை ஒற்றிப் பவுடர் போட்டுவிடவும் பெண் ஆள் வேண்டும் என்றார்கள். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. முதலாளி என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். மடிப்பு எடுத்த பிறகு சும்மா நிற்பானேன் என்று கையில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைக் கொடுத்தார். லைட்டுக்கு எதிர்ப்பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"இங்குட்டு வாங்கக்கா. இன்னுங் கொஞ்சம். ஐயோ, அங்குட்டுப் போறீகளே! அட்டையப் புடிக்கத்தேன் சொன்னேன், அதுக்குப் பின்னால ஒளியவா சொன்னேன்?" என்பார்.

நிஜமாகவே ஒளிந்துகொண்டுதான் நிற்பேன். அட்டைக்குப் பின்னால் இருந்தால் யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள், நான் எல்லா முகத்தையும் பார்க்கலாம். அட்டையை ஒரு சாண் முன்னே நகர்த்தினால் தாடைக்குக் கீழே இருக்கும் நிழல் கரையும். பின்னே இழுத்தால் கன்னம் ஒட்டிப்போகும். ஒரே முகம், ஒரு சாண் தூரத்தில் வயிறு நிறைந்த முகமாகவும் பட்டினி முகமாகவும் மாறுவதைத் தினமும் பார்த்தேன். எனக்குப் பாடம் சொன்னது அந்த அட்டைதான். முதலாளி திட்டினாரே தவிரச் சொல்லித் தரவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

மத்தியானம் அவர் சாப்பிட வீட்டுக்குப் போனதும் நான் பழகுவேன். முகத்துக்கு எங்கே போவது? சந்தையில் வாங்கின கத்தரிக்காயை முக்காலியில் வைத்துக்கொள்வேன். எண்ணெய் வழியும் நெற்றியும் கத்தரிக்காய்த் தோலும் வெளிச்சத்துக்கு ஒன்றுதான். வேண்டுமானால் நீங்களும் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் லைட் வைத்தால் பளபளப்பு கோடாக ஓடும். ஸ்டூடியோவின் வெள்ளைக் குடைக்குள் வைத்தால் பரந்து அடங்கும். எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டைக்குப் பதில் கறுப்புத் துணி கட்டினால் காய் உருண்டு திரண்டு கைக்கு எட்டுகிற மாதிரி நிற்கும். ஒருநாள் முதலாளி சீக்கிரம் திரும்பிவிட்டார். முக்காலியில் உட்கார்ந்திருந்த கத்தரிக்காயைப் பார்த்தார்.

"என்னக்கா, பொண்ணு யாரு? மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தன காப்பி போடணும்?"

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். சிரித்துக்கொண்டே கேமராவை வாங்கி, எடுத்திருந்ததைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "லைட்ட எங்குட்டு வச்சீக?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் அந்தப் பொண்ணைப் புளிக்குழம்பில் போட்டேன். மறுநாளில் இருந்து பெண்கள் வந்தால் கேமரா என் கைக்கு வந்தது.

அந்தச் சந்தோஷத்தோடு ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. அதைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். தொடக்கத்தில் ஒரு கல்யாணப் பெண்ணை எடுத்தேன். கீழே இருந்து வெளிச்சம் அடித்து மூக்குத்துவாரம் இரண்டும் குகை மாதிரி வந்துவிட்டன. முதலாளி அதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, வந்திருந்தவர்கள் முன்னாலேயே, "அக்கா இன்னைக்குப் பேயப் புடிச்சுட்டாக" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் நான் அன்று முடிவு செய்துகொண்டேன்: சரியில்லாத படம் யார் கண்ணிலும் படக் கூடாது. அதன் பிறகு எடுத்த இடத்திலேயே, கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு, பிடிக்காததை எல்லாம் அழித்துவிடுவேன். ஸ்டூடியோவுக்கு வரும்போது நல்லது மட்டும்தான் இருக்கும். முதலாளிகூடப் பாராட்டினார், அக்கா சிக்கனமாக எடுக்கிறார் என்று.

இனி ஆச்சி படம்.

கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீடு. வாசலில் நின்று கூப்பிட்டால் பின்கட்டுக்குக் கேட்காது, அவ்வளவு நீளம். அங்கே எண்பது தாண்டிய ஆச்சியும் அவரைப் பார்த்துக்கொள்ளும் பொன்னழகும் மட்டும்தான். பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும். பொன்னழகுக்கு என் வயதுதான் இருக்கும். பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பம். பதினெட்டு வருடமாக ஆச்சியின் கையும் காலும் கண்ணும் அவள்தான். ஆச்சிக்குப் பார்வை மங்கிவிட்டது. ஹாலில், தவறிப்போன வீட்டுக்காரர் அய்யாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டத் தனக்கும் ஒரு படம் வேண்டும், ஆம்பளை முன்னால் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் முதலாளி என்னை அனுப்பினார்.

"இருக்கும்போதே எடுத்து வச்சுரணும்த்தா. போனதுக்கப்புறம் எவனாச்சும் பழைய குரூப் போட்டோவுல இருந்து தலைய மட்டும் வெட்டி ஒட்டுவான். அப்புறம் எம்மூஞ்சியப் பாத்து எம் பேரனே யாரு இந்தப் பொம்பளைன்னு கேப்பான்" என்றார் ஆச்சி.

"அதெல்லாம் கேக்க மாட்டாக. அந்த மொறைப்பு வேற யாருக்கு இருக்கு?" என்றாள் பொன்னழகு.

"பாத்தியா, இவ வாய? இவளுக்கு நான் சோறு போடுறேன்."

"ஆக்குறது நானு, போடுறது நானு. பேரு ஒங்களுக்கு."

இப்படியே பேசிக்கொண்டுதான் பொன்னழகு இடுப்பில் இருந்த சாவியால் பெட்டியைத் திறந்து ஏழுகல் வைரத்தோட்டை எடுத்தாள். ஆச்சிக்கு அவர் அம்மா போட்டது. அய்யா போன பிறகு மற்ற நகையை எல்லாம் விட்டவர், விசேஷ நாளில் அதை மட்டும் போடுவார். பொன்னழகு வலது காதில் ஒன்று, இடது காதில் ஒன்று மாட்டித் திருகாணியைத் திருகினாள். நான் ஒரு முழம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முற்றத்துத் தூணை ஒட்டி நாற்காலி போட்டேன். வலப்பக்கம் நான் கொண்டுபோன லைட், குடைக்குள். இடப்பக்கம் முற்றத்தின் திறந்த வானத்தில் இருந்து வெளிச்சம் சும்மா கொட்டியது. எடுத்தேன். இரண்டு பக்கமும் சமமாக, சப்பையாக, அடையாள அட்டைப் படம் போல் வந்தது. அதைவிட மோசம், வானத்து வெளிச்சம் பட்டு இடது காதுத் தோடு கேமராவுக்குள் பாய்ந்தது. கன்னத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு ஓட்டை விழுந்த மாதிரி. தோட்டைக் கொஞ்சம் திருப்பச் சொன்னேன். பொன்னழகு திருப்பினாள். எடுத்தேன். மறுபடியும் ஓட்டை. இன்னும் கொஞ்சம் திருப்பச் சொன்னேன்.

"போட்டோக்காரக்கா, இதுக்கு மேல திருப்புனா காது கழண்டு கையோட வந்துரும். பெறகு காதில்லாத ஆச்சியத்தேன் எடுக்கணும்" என்றாள்.

பதினோரு படம் அப்படிப் போயிற்று. ஆச்சிக்குக் கழுத்து வலித்தது. அப்போதுதான் கத்தரிக்காய் நினைவு வந்தது. கறுப்பாக ஏதாவது பெரிய துணி இருக்கிறதா என்று கேட்டேன். ஆச்சி காலில் போர்த்தும் கறுப்புக் கம்பளியைப் பொன்னழகு கொண்டுவந்தாள். முற்றத்துக்கும் ஆச்சிக்கும் நடுவில், ஆச்சியின் இடது தோளில் இருந்து இரண்டு கை தூரத்தில், அதை அவளையே உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். வானத்து வெளிச்சம் செத்தது. தோடு செத்தது. முகத்தின் பாதி இருட்டுக்குள் போனதும், மீதிப் பாதியில் எண்பது வருடமும் எழுந்து நின்றது. ஒரே ஒரு படம்தான் எடுத்தேன்.

ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேமராவை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தார். "நாந்தானா இது? கோவக்காரி மாதிரியில்ல இருக்கேன்" என்றார். இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "நல்லாத்தேன் இருக்கு" என்றார்.

இதுதான் நீங்கள் கேட்ட லைட். ஒரு குடை, ஒரு கம்பளி. வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

நான் ஒரு ஓரமாகப் போய் அந்தப் பதினோரு படத்தையும் அழித்தேன். பொன்னழகு தோட்டைக் கழற்றி, இரண்டையும் பஞ்சில் வைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது சென்னையில் இருந்து இளைய மருமகள் வந்து இறங்கினார். "பொன்னழகு, பெட்டிச் சாவி இனிமே எங்கிட்ட இருக்கட்டும். அத்தைக்குக் கண்ணு தெரியல" என்று கையை நீட்டினார். பொன்னழகு இடுப்பில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். அது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை.

நாலு மாதத்தில் ஆச்சி போய்விட்டார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் காலையில் ஸ்டூடியோ வாசலில் அந்த வீட்டுக் கார் வந்து நின்றது. படம் எடுத்தவர்களைக் கூட்டிவரச் சொன்னார்களாம். டிரைவர் வழியில் சொன்னார்: பெட்டியைத் திறந்து பார்த்தால் பஞ்சில் ஒரு தோடுதான் இருந்ததாம்.

முதலாளி என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, பெரிய வீட்டு விவகாரம். அடுத்த மாசம் அவுக சொந்தக்காரக வீட்டுக் கல்யாணம் வேற நம்ம கையில இருக்கு. படத்துல என்ன இருக்கோ அத மட்டும் சொல்லுவோம். மத்தது நமக்கு வேணாம்."

ஹாலில் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். ஆச்சி படத்தைச் சுவரில் இருந்து இறக்கி, மாலையோடு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். பொன்னழகு ஒரு தூணோரம் நின்றாள். அழவில்லை.

இளைய மருமகள் படத்தைக் காட்டினார். "எல்லாரும் பாத்துக்கங்க. வலது காதுல தோடு மின்னுது. இடது காதுல ஏதாச்சும் இருக்கா? வைரம் இருட்டுலயும் மின்னும். ஒரு பொட்டு மினுக்கம்கூட இல்ல. அன்னைக்கே ஒத்தத் தோடுதான் இருந்திருக்கு. அத்தைக்குத்தான் கண்ணு தெரியாதே. ஒண்ண மாட்டிவிட்டா அவுகளுக்கு என்ன தெரியும்? அதுவரைக்கும் சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

"நான் ரெண்டு காதுலயுந்தேன் மாட்டுனேன்" என்றாள் பொன்னழகு. "திரும்ப ரெண்டையுந்தேன் பஞ்சுல வச்சேன். இந்தா, போட்டோக்காரக்கா வந்துட்டாகள்ல. அவுகளக் கேளுங்க. அவுக கண்ணு முன்னாலதேன் எல்லாம் நடந்துச்சு."

அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. வழக்கு முடிந்துவிட்டது, சாட்சி வந்துவிட்டது என்கிற நிம்மதி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மூத்த மகன் தன்மையான மனிதர். "சொல்லுங்கம்மா. பயப்படாதீக. அன்னைக்கு அம்மாவோட இடது காதுல தோடு இருந்துச்சா?" என்று கேட்டார்.

நான் சொல்ல வேண்டியது மூன்றே வாக்கியம். தோடு இருந்தது. கண்ணைக் குத்துகிற மாதிரி மின்னியது. அதனால்தான் அந்தப் பக்கத்தை இருட்டாக்கினேன். வைரத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, விழுந்தால்தான் திருப்பித் தரும் என்பது அந்த ஹாலில் எனக்கும் முதலாளிக்கும் மட்டும்தான் தெரியும். ஆனால் என் மனசு அதற்குள் பத்து கேள்விக்கு ஓடிவிட்டது. மற்ற படமெல்லாம் எங்கே என்பார்கள். அழித்துவிட்டேன் என்றால், ஏன் அழித்தாய் என்பார்கள். வெட்கப்பட்டு அழித்தேன் என்றால் யார் நம்புவார்கள்? இவளும் அவளும் கூட்டு என்பார்கள். சாவி பிறகு யாரிடம் போனது என்று கேட்டால், அந்த மருமகள் முகத்துக்கு நேரே நான் என்ன சொல்வேன்? முதலாளி லேசாக இருமினார்.

"படத்துல தெரியலீங்க" என்றேன்.

"படத்துல தெரியல, சரி. நீங்க கண்ணால பாத்தீகளா?"

"நான் வெளிச்சத்தத்தேன் பாத்துக்கிட்டு இருந்தேன். காத... கவனிக்கலீங்க."

ஹாலில் ஒரு பெருமூச்சு கேட்டது. பொன்னழகு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முகத்தில் இருந்தது சந்தேகம். தான் சொன்னது எனக்குக் கேட்கவில்லையோ என்பது போல.

"கம்பளியப் புடிச்சுக்கிட்டு நின்னேனேக்கா" என்றாள். அவ்வளவுதான்.

மூத்தவர், "போலீஸெல்லாம் வேண்டாம். அம்மாவ இத்தன வருஷம் பாத்துக்கிட்டவ. அம்மாவுக்காக விட்டுர்றோம். போகட்டும்" என்றார். எல்லோரும் அவருடைய பெருந்தன்மையைப் பேசினார்கள். நான் பிறகு யோசித்துப் பார்த்தேன்: போலீஸுக்குப் போயிருந்தால்கூட விசாரித்திருப்பார்கள், யாராவது பெட்டியையும் சாவியையும் கேட்டிருப்பார்கள். மன்னித்துவிட்டதால் அவள்தான் திருடி என்பது உறுதியாகிவிட்டது. மன்னிக்கப்பட்டவள் எந்த இடத்தில் போய் நியாயம் கேட்பாள்?

திரும்பும்போது காரில் முதலாளி, "நல்லவேளைக்கா, சிக்கலில்லாமச் சொன்னீக" என்றார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அது ஒன்று.

அன்றே ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணிடம் உட்கார்ந்து, அந்த இருட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டு என்றேன். தூக்கினாள். மணல் வாரி இறைத்த மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. காதும் இல்லை, கல்லும் இல்லை. "சுத்தமாக் கறுப்பாயிருச்சு ஆத்தா. உள்ள ஒண்ணுமே பதியல" என்றாள். அவ்வளவு சுத்தம் என் வேலை. மெமரி கார்டில் அழித்ததை மீட்கலாம் என்றார்கள். அந்த நாலு மாதத்தில் அதே கார்டில் எத்தனையோ காதுகுத்தும் கல்யாணமும் எடுத்தாயிற்று.

அப்போதும் நேரம் இருந்தது. பஸ் ஏறிக் கொத்தமங்கலம் போய் மூத்தவரைத் தனியாகப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்குப் போகலாம் என்றேன். கல்யாணம் முடியட்டும் என்றேன். பொன்னழகு வேறு வேலையில் சேர்ந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்யாணமும் வந்தது. மணப்பெண்ணுக்கு லைட் போட்டது நான்தான். பெண் வீட்டார் ரொம்பவும் மெச்சினார்கள். அந்த வாரமே முதலாளி ஆச்சி படத்தைப் பெரிதாகப் போட்டு வாசல் கண்ணாடிக்குள் வைத்தார். அதன் பிறகு வந்தவர்கள் எல்லாம் "அந்த ஆச்சி லைட்டுலயே எங்களுக்கும் எடுங்க" என்றார்கள். பத்து வருடம் அதே லைட்டைப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடிக்க யாரையாவது நிறுத்தும்போது, அந்த ஆள் முகத்தை நான் பார்க்க மாட்டேன்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு மத்தியானம். விசாவுக்குப் படம் எடுக்க ஒரு அம்மா வந்து முக்காலியில் உட்கார்ந்தார். நான் கேமராவைச் சரிசெய்துகொண்டே, ஆயிரம் தடவை சொன்ன வார்த்தையை வாய்ப்பாடு மாதிரி சொன்னேன்: "முடிய ஒதுக்கிக்கங்கம்மா. ரெண்டு காதும் தெரியணும்."

"ரெண்டு காதுமா? ஒங்களுக்கு ஒண்ணு போதுமேக்கா" என்றது குரல்.

நிமிர்ந்து பார்த்தேன். பொன்னழகு. தலை முழுக்க நரைத்திருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. காது இரண்டிலும் ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி.

எனக்கு வாய் வரவில்லை. அன்று ஹாலில் இருபது பேர். இன்று ஒரே ஒருத்தி. அப்போதும் வரவில்லை. இருபது பேரைச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் போயிற்று.

"நல்லா இருக்கீகளா?" என்று கேட்டேன்.

"இருக்கேன். அதுக்குப் பெறகு எந்த வீட்டுலயும் நடைக்கு உள்ள விடல. தேவகோட்டையில ஒரு கல்யாண மண்டபத்துல ஏனம் கழுவுனேன். அங்க காணாமப் போறதுக்குக் கரண்டியத் தவிர ஒண்ணுமில்ல. அதுலயும் ஒண்ணு கொறஞ்சா மொதல்ல எம் பையத்தேன் தொறப்பாக." சிரித்தாள். "மகளுக்கு ரெண்டு எடம் பேசி வந்து, இந்தச் சொல்லால நின்னுச்சு. மூணாவது எடத்துல கேக்கல, முடிஞ்சிருச்சு. இப்ப சிங்கப்பூருல இருக்கா. பேத்தியப் பாத்துக்கக் கூப்புடுறா. அதுக்குத்தேன் போட்டோ."

"பொன்னழகு, அன்னைக்கு நான்..."

"விடுங்க. ஒங்களுக்குந் தெரியும், எனக்குந் தெரியும். எனக்கு ஒண்ணுதேன் தாங்கல. திருடுனவுக யாருன்னு நான் ஒருநாளும் யோசிச்சதில்ல. கவனிக்கலைன்னு சொன்னீக பாருங்க, அதத்தேன் யோசிச்சேன். எத்தன தடவ திருகாணியத் திருப்பச் சொன்னீக? எங் கை விரலெல்லாம் வலிச்சுச்சு. இப்ப எடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

இரண்டு பக்கமும் லைட் வைத்தேன். சமமாக, சப்பையாக. அவள் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு கேமராவைப் பார்த்தாள். எடுத்தேன். பிரிண்டை வாங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு காதும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். வெளியே போகும்போது கண்ணாடி முன்னால் நின்றாள்.

"ஆச்சி நல்லாத்தேன் இருக்காக. காதத்தேன் தின்னுப்புட்டீக" என்றாள். அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கொத்தமங்கலம் போனேன். வீடு பூட்டியிருந்தது. யானை நுழைகிற கதவில் என் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு. காவலுக்கு இருந்தவர் புது ஆள். நிழலில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் அசலூருல இருக்காக. மூத்தவரு தவறி மூணு வருஷமாச்சு. மத்தவுக விசேஷத்துக்குத்தேன் வருவாக. என்ன சேதி?"

சொன்னேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தடங்கல் இல்லாமல் முழுசாகச் சொன்னேன். இடது காதில் தோடு இருந்தது, நான் பார்த்தேன் என்று.

அவர் செல்போனில் இருந்து நிமிர்ந்தார். "எந்த ஆச்சி?" என்று கேட்டார். பிறகு, "சரிம்மா, வந்தாகன்னா சொல்றேன்" என்று மறுபடியும் செல்போனுக்குக் குனிந்தார். உள்ளே, ஹாலில், பூட்டிய இருட்டில் அந்தப் படம் மாட்டியிருக்கும். அதற்கு இப்போது வலது பக்கமும் இல்லை.

கண்ணாடிக்குள் இருக்கும் படத்தை எடுத்துவிடச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். "அக்கா, அது நம்ம கடையோட முகமாச்சே" என்றார். அதைச் சொல்லும்போது அவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் அந்த ஹாலில் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டது என்னை.

நீங்கள் கையில் வைத்திருக்கும் கேமராவில் ஆயிரம் படம் நிற்கும். பிடிக்காததை உடனே அழிக்காதீர்கள், அதற்கு இடம் இருக்கிறது. இருட்டு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முகத்துக்கு அது வேண்டும். ஆனால் எதை மறைத்தீர்கள் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். படத்தைக் கொண்டுவந்து எதிரில் வைத்துக் கேட்கும்போது படம் பேசாது. பக்கத்தில் நின்றவர்தான் பேச வேண்டும். "படத்தில் தெரியவில்லை" என்பது நம் தொழிலில் சொல்லக்கூடிய மிக மோசமான பொய், ஏனென்றால் அது உண்மை.

கொத்தமங்கலத்து வீட்டில் அன்று காலையில் ஆச்சியின் இரண்டு காதிலும் ஏழுகல் தோடு இருந்தது. பொன்னழகு இரண்டையும் கழற்றிப் பஞ்சில் வைத்துப் பெட்டியில் பூட்டியதும் என் கண் முன்னால்தான். சாவியை மருமகளிடம் கொடுத்ததும் என் கண் முன்னால்தான். இனி யார் கேட்டாலும், எத்தனை பேர் முன்னாலும் இதைச் சொல்லுவேன்.

யாரும் கேட்பதில்லை. நீங்களும் லைட்டைப் பற்றித்தான் கேட்டீர்கள்.